குலைநோய்க்கு வந்த பதினொரு பேர்

போன மாதம் கவிதா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற கிளை நூலகத்தில் இப்போது அவள்தான் நூலகர். பழைய பதிவேடுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி மேலிடத்து உத்தரவாம்.

"மேடம், ஒரு சந்தேகம். உங்க காலத்து இன்டர்நெட் பதிவேட்டுல பக்கத்துக்குப் பக்கம் குலைநோய், குலைநோய்னே இருக்கு. அந்த வருஷம் நம்ம பக்கம் நெல்லுக்கு அவ்வளவு கேடா வந்துச்சு?"

"நெல்லு நல்லாத்தாம்மா விளைஞ்சுது."

"அப்பறம் ஏன் மேடம்?"

தொலைபேசியில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். சொன்ன வாய்க்காக எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், சிலருக்குப் பெயரே வைக்கவில்லை.

நான் நூலகர் ஆன கதை நாலு வரிக்கு மேல் தாங்காது. சான்றிதழ்ப் படிப்பில் புத்தகத்துக்கு எண் போடக் கற்றேன். பிறகு முப்பது வருடம் மன்னார்குடியைச் சுற்றி மூன்று ஊர்களில் எண் போட்டேன். அந்தப் படிப்பில் ஒரே ஒரு விஷயம் எலும்புவரைக்கும் ஏறியது. புதிதாக ஒரு புத்தகம் வந்தால் முதலில் தலைப்புப் பக்கத்தைத் திருப்ப வேண்டும். எழுதியவர் யார், வெளியிட்டவர் யார், எந்த வருடம், எத்தனையாவது பதிப்பு. இந்த நாலும் இல்லாத புத்தகத்தை எழுதியது பிரம்மாவே ஆனாலும் பதிவேட்டில் ஏற்றக் கூடாது.

என் மேலதிகாரி, ஆய்வாளர் சாம்பமூர்த்தி சார், புத்தகத்தைவிடப் பதிவேட்டை அதிகம் நேசித்தவர். ஆய்வுக்கு வந்தால் செருப்பை வாசலில் ஜோடி பிசகாமல் வைப்பார். நாற்காலியைக் காட்டினால் உட்கார மாட்டார். பையிலிருந்து ஒரு மர ரூலரை எடுத்துப் பதிவேட்டின் முதல் வரிக்கு அடியில் வைத்து, மெல்ல நகர்த்திக்கொண்டே வாய்விட்டுப் படிப்பார். வரி சரியாக இருந்தால் ஒரு "ம்." தப்பு என்றால் ரூலர் அப்படியே நின்றுவிடும். நமக்கும் மூச்சு நின்றுவிடும். "கலம் காலியா இருக்கலாமாம்மா?" என்று கேட்பார். குரலை உயர்த்தியதே இல்லை. உயர்த்தித் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கும்.

நூலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டரும் இணைய இணைப்பும் வந்தபோது, அதற்கான பதிவேட்டை அவரே ரூலர் வைத்துக் கோடு போட்டுத் தந்தார். வரிசை எண், பெயர், ஊர், வந்த நேரம், போன நேரம், தேடிய பொருள், கையொப்பம்.

"தேடிய பொருள் எதுக்கு சார்?" என்றேன்.

"ஜனங்க என்ன தேடறாங்கன்னு தெரிஞ்சாத்தானேம்மா நாம சேவை செய்யலாம்?" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

முதல் சில மாதங்கள் பரீட்சை முடிவு, பட்டா, ரயில் டிக்கெட் என்றே பதிவேடு நிரம்பியது. கார்த்திகை மாதம், விடாத மழை நாள் ஒன்றில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நனைந்தபடி வந்தார். கதிர் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறவர். மிஷின்காரர் என்றே எழுதுகிறேன். உள்ளே செய்தித்தாள் வாசிக்கும் பென்ஷன்தாரர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவர் என் மேஜைக்கு வந்து, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதியிருந்ததை நீட்டினார். எதைக் கொடுத்தாலும் உரக்கப் படிப்பது என் கெட்ட பழக்கம். "எச்" என்று ஆரம்பித்துவிட்டேன். எச்.ஐ.வி. என்று இருந்தது.

அவர் முகம் செத்துவிட்டது. பென்ஷன்தாரர்களின் செய்தித்தாள்கள் ஒரே நேரத்தில் கீழே இறங்கின. எதிரே மேஜைமேல் கிடந்த தாளில் 'சம்பாவில் குலைநோய்: விவசாயிகள் கவனம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைப் பார்த்தேன்.

"எச்சரிக்கையா இருக்கணும் இந்தக் குலைநோய்க்கு. வாங்க, கம்ப்யூட்டர்ல பாப்போம்," என்றேன். செய்தித்தாள்கள் மேலே ஏறின.

பதிவேட்டில் 'தேடிய பொருள்' கலத்துக்கு வந்ததும் அவர் பேனா அந்தரத்தில் நின்றது. "அதையே போடுங்க," என்றேன். அதுவரை ஒரு கால்புள்ளிகூடப் பொய்யாக எழுதாத நான், வாயால் சொல்லி ஒரு பொய்யை எழுத வைத்தேன்.

"செல்லுல பாக்கக் கூடாதா?" என்று மெல்லக் கேட்டேன்.

"எம் பொண்ணு அதுலதான் மேடம் பாடம் படிக்குது. ஒரே ஒரு தடவை தேடுனேன். அன்னைலேருந்து நாள் பூரா அந்த வியாதி வீடியோவா வந்து நிக்குது. அதைத் தொடச்சுத் தொடச்சே எனக்குக் கை ஓஞ்சு போச்சு."

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல். பெண்ணை மடியில் வைத்துக்கொள்ளலாமா, ஒரே தட்டில் ஊட்டலாமா? "டாக்டர் சொன்னாரு, ஒண்ணும் ஆவாதுன்னு. ஆனா அவரு அவசரத்துல சொன்னாரு. எழுத்துல இருக்கான்னு பாக்கணும்." பெண்ணைத் தூக்கி ஏழு மாதம் ஆகிறது என்றார்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அவர் தொட்ட மவுஸைத் தொட எனக்குத் தயக்கமாக இருந்தது. படித்தவள், நூலகர், வெட்கக்கேடு. அவருக்காகத் தேடினேனா எனக்காகத் தேடினேனா என்று இன்றைக்கும் தெரியாது.

தேடினால் முதலில் வந்தவை எல்லாம் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தன. பூ உதிர்ந்தது, புல்லாங்குழல் ஒலித்தது, சிங்க முத்திரை சுற்றியது. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் போனேன். எழுதியவர் யார்? 'மகான்.' வெளியிட்டவர்? இல்லை. வருடம்? இல்லை. விலை? அது மட்டும் மூன்று இடத்தில் இருந்தது. இதை என் பதிவேட்டில் ஏற்ற மாட்டேன் என்று மூடினேன். கடைசியில் கிடைத்தது அரசாங்கத்தின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் தளம். திறக்கவே கால் மணி நேரம். பாதி எழுத்து உடைந்து கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஆனால் யார் எழுதியது, எந்தத் தேதியில் திருத்தியது, எந்த மருத்துவமனையில் கேட்பது, எல்லாம் அடியில் இருந்தது. எதையும் விற்கவில்லை. தொடுவதால், கட்டிக்கொள்வதால், சேர்ந்து சாப்பிடுவதால் பரவாது என்று எழுத்தில் இருந்தது. அச்செடுத்துக் கொடுத்தேன். அதை எட்டாக மடித்துச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டு, மழை நிற்கக்கூடக் காத்திராமல் போனார். நானும் தயங்காமல் அதே மவுஸைத் தொட்டு அடுத்தவருக்கு ரயில் டிக்கெட் பார்த்தேன்.

அவர் மாதாமாதம் மாத்திரை வாங்கப் போய் வரிசையில் நிற்கிற இடத்தில் வாய் சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது. அடுத்த மாதம் ஒரு பெண் வந்து, "குலைநோய் பாக்கணும்," என்றாள். தையல்காரி. கழுத்தில் அளவு டேப் தொங்கியது. பிறகு ஒரு சலூன்காரர். அடுத்து வேதாரண்யத்திலிருந்து இரண்டு பஸ் மாறி உப்பளத் தொழிலாளி ஒருவர். உப்பு விளைகிற பூமியில் குலைநோய்! அவரும் கூசாமல் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் மருத்துவர் இல்லை, அதனால் எவருக்கும் ஒரு வார்த்தை சொந்தமாகச் சொன்னதில்லை. நம்பத்தக்க பக்கத்தைத் தேடி எடுத்து, உடைந்த எழுத்தைச் சேர்த்து வாசித்துக் காட்டுவேன். மீதியை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள் என்பேன்.

ஒரு வருடம் ஓடியது. மறுபடி கார்த்திகை. மிஷின்காரர் வேறு ஒரு முகத்தோடு வந்தார். மகிழ்ச்சியான முகம்.

மச்சான் வளைகுடாவில் கிரேன் ஓட்டும் வேலை பார்த்து வைத்திருக்கிறாராம். இரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனை. அதில் தேறினால் விமானம். "நாப்பத்தெட்டு நாள்ல நெகட்டிவ் ஆயிரும் மேடம். ஒரு மண்டலம். மருந்து பார்சல் வந்துருச்சு. வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம், வெளக்கு வச்சு ஆரம்பிக்கணும். ஒரே ஒரு பத்தியம், இங்கிலீஷ் மாத்திரையை அன்னையோட நிறுத்திரணும்."

நான் கத்தவில்லை. நூலகம். அரசாங்கத் தளத்தைத் திறந்தேன். இந்தத் தொற்றை அடியோடு நீக்கும் மருந்து இப்போதைக்கு எவரும் விற்பதில்லை, மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் கிருமி மறுபடி பெருகும், வாழ்க்கைத் துணைக்கும் ஆபத்து என்று வாசித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"இதெல்லாம் எனக்கே தெரியும் மேடம். நான் தேடுனது இது இல்ல," என்றார்.

பிறகு அவரே அந்தப் பூ உதிரும் தளத்தைத் திறந்து காட்டினார். 'குணமடைந்தவர் கூறுகிறார்' என்று பச்சைத் தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக ஒருவர் வாய்நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். "இவரு நம்ம பக்கத்து ஆளுன்னு போட்டிருக்கு. எட்டு வருஷ வியாதி, நாப்பத்தெட்டே நாள். மொகத்தைப் பாருங்க. இது பொய் சொல்ற மொகமா?"

நியாயமாகச் சொன்னால் இல்லை. ஆனால் அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன். நூலகத்துக்கு வந்த ஒவ்வொரு இதழிலும் முத்திரை குத்தியவள் நான். அன்று கதவைப் பூட்டும் முன் பழைய இதழ்க் கட்டுகளைப் பிரித்தேன். மூன்றாவது கட்டில் கிடைத்தார். ஒரு வேளாண்மை மாத இதழின் அட்டை. அதே தலைப்பாகை, அதே சிரிப்பு. கையில் ஒரு கட்டுக் கதிர். தளத்தில் கதிரை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் வைத்திருந்தார்கள். திருவிடைமருதூர்ப் பக்கம் தங்கவேலு, அதிக மகசூலுக்குப் பரிசு பெற்றவர் என்று உள்ளே போட்டிருந்தது.

மறுநாள் மிஷின்காரரைக் கூப்பிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். குற்றவாளியைப் பிடித்துவிட்ட போலீஸ்காரர் போல நின்றேன். அவர் பார்த்துவிட்டு, "ஏன் மேடம், நல்லா மகசூல் எடுத்தவருக்கு வியாதி வரக் கூடாதா?" என்று கேட்டார்.

வரலாம்தான். எனக்கே வரலாம். இனி அந்தத் தங்கவேலுவே வாயைத் திறந்தால்தான் உண்டு. இதழில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். முன்பின் தெரியாத ஒருவரிடம், ஐயா உங்களுக்கு எச்.ஐ.வி. இருந்து குணமானது உண்மையா என்று எப்படிக் கேட்பது? "உங்க உடம்பு எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்தேன். "இன்சூரன்ஸெல்லாம் போட்டாச்சும்மா," என்று வைத்துவிட்டார்.

அன்று மாலையே சாம்பமூர்த்தி சார் ஆய்வுக்கு வந்தார். செருப்பை ஜோடி சேர்த்தார். ரூலரை வைத்தார். "குலைநோய். ம். குலைநோய். ம். குலைநோய்." ரூலர் நின்றது. என் மூச்சும் நின்றது. நிமிர்ந்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது.

"ஒரு நூலகம் ஜனங்களோட கஷ்டத்தை முன்கூட்டியே சொல்லியிருக்கேம்மா! இதுக்குத்தான் அந்தக் கலத்தைப் போட்டேன்."

அவர் மூன்று வாரத்துக்கு முன்பே பதிவேட்டின் நகலை வாங்கிப் போயிருந்தார். வேளாண்மை அதிகாரியிடம் பேசி முகாமே ஏற்பாடு செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி, நூலக விடுமுறை நாள், அதனால் இடம் தாராளம். பதிவேட்டில் குலைநோய் தேடிய அத்தனை பேருக்கும் தன் கையாலேயே அஞ்சலட்டை போட்டாயிற்று. 'குலைநோய் தொடர்பான முக்கியக் கூட்டம். தவறாது வரவும்.'

வேலை போவது கிடக்கட்டும். அத்தனை பேரின் ரகசியத்தையும் நானே சேர்த்து வைத்து நானே சந்தியில் நிறுத்தப் போகிறேன். பதிவேட்டைப் பிடுங்கிக் குளத்தில் எறியலாமா என்றுகூட ஒரு நொடி யோசித்தேன்.

"ஒரு முன்னோடி விவசாயி பேசினா எடுப்பா இருக்கும். யாராவது தெரியுமாம்மா?" என்றார் சார்.

"தெரியும் சார்," என்றேன். "திருவிடைமருதூர்ப் பக்கம் தங்கவேலுன்னு ஒருத்தர். நீங்க கூப்பிட்டா வருவார்." அந்த அட்டைப் படத்தை எடுத்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு பேர் வந்தார்கள். மற்றவர்கள் பொய்ப்பெயர் கொடுத்திருக்க வேண்டும். ஒருவர் கொடுத்த பொய்ப்பெயர் அவர் ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியருடையது. அஞ்சலட்டை அவருக்கே போய், 'எனக்கு நிலமே இல்லை' என்று பதில் எழுதியிருந்தார். மிஷின்காரரை நான் போய்க் கெஞ்சி அழைத்து வந்தேன். தையல்காரி, சலூன்காரர், உப்பளத்துக்காரர் எல்லோரும் பெஞ்சில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். புது மருந்து ஏதோ வந்துவிட்டது, அதனால்தான் மேடம் கார்டு போட்டுக் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அது தெரிந்தபோது எனக்கு அழுகை வந்தது.

வேளாண்மை அதிகாரி சின்ன வயதுப் பெண். அரை மணி நேரம் பேசினாள். பதினொரு பேரும் இமைக்காமல் கேட்டார்கள். இலையில் கண் வடிவப் புள்ளி வருமாம். தையல்காரி தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "உங்களுக்கு எத்தனை மா நிலங்க?" என்று அதிகாரி கேட்டதற்கு, "ஒரு மிஷினு, ஒரு அயர்ன் பாக்ஸ்," என்றாள். அதிகாரி என்னைப் பார்த்தாள். நான் சன்னலைப் பார்த்தேன். அடுத்த ஊரில் இன்னொரு முகாம் என்று நல்லவேளை கிளம்பிவிட்டாள்.

அவள் வண்டி போகவும் தங்கவேலு உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. பச்சைத் தலைப்பாகை. அதே மீசை.

பெஞ்சு மொத்தமும் எழுந்தது. ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும் அந்தத் தளத்தை எங்கேயோ பார்த்திருக்கிறார்கள். உப்பளத்துக்காரர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தங்கவேலுவுக்குப் பெருமை தாங்கவில்லை. மகசூலுக்கு இத்தனை மரியாதையை அவர் எதிர்பார்க்கவில்லை.

"எத்தனை நாள்லங்கய்யா?" என்று மிஷின்காரர் நெருங்கிக் கேட்டார்.

"நூத்தி முப்பத்தஞ்சு நாள்."

"நாப்பத்தெட்டுன்னுல்ல போட்டிருக்கு?"

"நாப்பத்தெட்டு நாள்ல எந்த நெல்லுய்யா வெளையும்?"

இனியும் விடக் கூடாது என்று தங்கவேலுவின் கையைப் பிடித்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். பூ உதிர்ந்தது, புல்லாங்குழல் ஒலித்தது. தன் படத்தைப் பார்த்து முதலில் சிரித்தார். பிறகு கீழே இருந்ததை உரக்கப் படித்தார். பாதியில் குரல் இறங்கியது. "அடப் பாவிகளா," என்று எழுந்தார். மீசை துடித்தது. "எனக்கா? எனக்கா இந்த..."

அந்தச் சொல் வெளியே வரும் முன் திரும்பிப் பார்த்தார். பதினொரு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் யார், எதற்கு வந்திருக்கிறார்கள் என்று ஒருவரும் சொல்லாமலே அவருக்குப் புரிந்தது. சொல்லை விழுங்கினார். தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"எனக்கு இந்த வியாதி வந்தது இல்லீங்க," என்றார். "இந்த மருந்தை நான் கண்ணாலகூடப் பாத்தது இல்ல. படத்தை யாரோ திருடிப் போட்டுட்டான். என்னைய மன்னிச்சிருங்க."

நோய் வராததற்காக ஒரு மனிதர் மன்னிப்புக் கேட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். உப்பளத்துக்காரர் மறுபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க என்னங்க பண்ணுவீங்க," என்று அவருக்கே ஆறுதல் சொன்னார். சலூன்காரர் மெல்ல, தன்னிடமும் அந்தப் பார்சல் இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை என்றார். மிஷின்காரர் மட்டும் வாசலைப் பார்த்து நடந்தார்.

சாம்பமூர்த்தி சார் செய்தித்தாள் பலகைக்குப் பக்கத்தில் இதையெல்லாம் பார்த்தபடி நின்றிருந்தார். எல்லோரும் போன பிறகு, "அந்தப் பதிவேட்டைக் கொண்டாங்கம்மா," என்றார். கொடுத்தேன். ரூலரை எடுத்தார். ஒவ்வொரு குலைநோய்க்கும் அடியில் வைத்து, இந்த முறை வாய்விடாமல் படித்தார். கடைசிப் பக்கத்தில், 'முகாமுக்குப் பின் குலைநோய் கட்டுப்பாட்டில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு புதுப் பக்கத்தைத் திருப்பி, தேடிய பொருள் என்ற கலத்தின் குறுக்கே சிவப்பு மையால் ரூலர் வைத்து ஒரு கோடு கிழித்தார். மேலிடத்துச் சுற்றறிக்கை இல்லாமல் அவர் செய்த ஒரே காரியம் எனக்குத் தெரிந்து அதுதான்.

"அவங்களை நான் கார்டு போட்டுக் கூப்பிட்டேனேம்மா," என்றார். நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தார்.

மிஷின்காரர் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். போய் என்ன சொல்வது என்று தெரியாமல் போய் நின்றேன்.

"அந்தப் பழைய புத்தகத்தை நீங்க தேடி எடுத்திருக்க வேணாம் மேடம்," என்றார். "ஒரு வாரம் நல்லா தூங்குனேன்."

"மாத்திரையை நிறுத்திராதீங்க," என்றேன். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். பிறகு நூலகத்துக்கு வரவில்லை. அன்று சாயங்காலம் விளக்கு வைத்தாரா, எதை விழுங்கினார் என்று கேட்க எனக்கு வழி இல்லை. மார்கழி முழுக்க அந்த நினைப்போடுதான் நூலகத்தைத் திறந்தேன், அந்த நினைப்போடுதான் பூட்டினேன்.

தை பிறந்து சம்பா அறுவடை வந்தது. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது சாலையோர வயலில் மிஷின் ஓடியது. அவர்தான் ஓட்டினார். முன்னால் அவர் மடியை ஒட்டி, காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. சன்னல் வழியாகக் கையை ஆட்டினேன். என்னை நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, கோபம் தீராதவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஐந்து சம்பா அறுவடை ஆயிற்று. வருடா வருடம் எங்கேயாவது ஒரு வயலில் அவரைப் பார்த்துவிடுகிறேன். கை ஆட்டுகிறேன். முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். போன மாசிக்குக் கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தார்.